காரணம் எழுதாத சீட்டு

கோபு அந்த மெஷினுக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார். விஸ்வகர்மா பூஜைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. வாசலில் அப்போதுதான் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பூஜை நாளைக்குத்தானே கோபுண்ணே, இன்னிக்கே எதுக்கு?" என்று கேட்டேன்.

"இது பூஜைக்கு இல்ல, அகிலாதி. தினமும் ஏத்தறதுதான். பதினாலு மாசமா."

சாம்பல் ஃபேனுக்குள் போனால் மெஷின் என்ன ஆகும் என்று எரிந்து விழ வாயெடுத்தேன். பதினாலு மாசம் என்று கேட்டதும் வாய் மூடிக்கொண்டது.

கோபு எடைமேடை ஆபரேட்டர். கிடர்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். இருந்தும் இந்த ஊர் வங்காளிகள் வழக்கப்படி பெயரோடு ஒரு 'தி'யை ஒட்டி என்னை அக்காவாக்கிவிட்டார். என்னோடு வேலை பார்த்துச் செத்துப்போன கதிரேசனை 'கதிர்தா' என்று அண்ணனாக்கியதும் அவர்தான்.

"லைட்டைப் பாருங்க, தி. கதிர்தா போன நாள்லேர்ந்து இப்படித்தான். மூணு தடவ மின்னும், நிக்கும். திரும்ப மூணு தடவ. யாரையோ கூப்பிடற மாதிரி இல்ல?"

மெஷினின் பின்னால் கேபிள் சேரும் இடத்தில் பச்சை விளக்கு மூன்று முறை மின்னியது. நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சரியாக ஒரு நிமிடம் கழித்து மறுபடி மூன்று முறை.

"கேபிள் கோளாறா இருக்கும்," என்றேன். பட்டப்பகல் பதினோரு மணி, வெளியே லாரிகளின் ஹாரன் காதைக் கிழிக்கிறது. எனக்கு உள்ளங்கை குளிர்ந்துவிட்டது.

இந்தக் கம்பெனி துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்குச் சுங்க வேலைகளை முடித்து லாரியில் ஏற்றி அனுப்புகிறது. வாசலில் எடைமேடை, இங்கத்திய பேச்சில் காண்டா. அதன் அறையில் இந்த மெஷின், லினக்ஸில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். லாரி ஏறினால் எடையை வாங்கிக்கொள்ளும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் கிடங்கு. அதன் பரணில், கேபிளில் வரும் தகவலைப் பிரித்து அனுப்பும் ஒரு ஸ்விட்ச். கிடங்கை ஒட்டிய ஆபீஸ் மாடியில் ரவுட்டர். மெஷினிலிருந்து ஸ்விட்சுக்கு ஒரு கேபிள், ஸ்விட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரு கேபிள். எடை, கேமரா, பிரிண்டர் எல்லாம் அதிலேயே கலந்து போக வேண்டும். கலந்தாலும் குழம்பக் கூடாது என்று ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் ஓர் எண் ஒட்டி அனுப்புவோம். அதற்குப் பெயர் வீலேன் டேக். என் அப்பா சாந்த்ராகாச்சி யார்டில் வேகன் மேல் சாக்குக்கட்டியால் எண் எழுதுவார், எந்த எண் எந்த லைனுக்கு என்று பாயின்ட்ஸ்மேன் அனுப்புவார், அந்த மாதிரிதான். யார்டில் தெரியாத எண் வந்தால் யாராவது கத்துவார்கள். ஸ்விட்ச் கத்தாது. தனக்குச் சொல்லித் தராத எண்ணைப் பார்த்தால் சத்தம் போடாமல் கீழே போட்டுவிடும். அனுப்பியவனுக்கும் தெரியாது, வாங்க வேண்டியவனுக்கும் தெரியாது.

எடைமேடைக்கு நாங்கள் வரைபடத்தில் போட்டிருந்த எண் எட்டு.

எங்கள் வீட்டில் எட்டு ஆகாது. அப்பாவுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸில் பதினேழாம் எண் வீடு கிடைத்தது. ஒன்றும் ஏழும் எட்டு என்று அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, கூரை ஒழுகும் பத்தொன்பதில் எங்களைக் குடிவைத்தார். மழைக்கு மழை பாத்திரம் வைத்து வளர்ந்தவள் நான். எம்.சி.ஏ. படித்தேன், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நாலு பேர் நடுவில் அடித்துப் பேசுவேன். ஆனால் என் கையால் எட்டு என்று தட்டிவிட்டு வந்த நாளெல்லாம் எனக்கு நிம்மதி கிடையாது. இதைக் கதிரேசன் கண்டுபிடித்துவிட்டான். ஒன்பது வருடம் ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி, கண்டுபிடிக்காமல் இருப்பானா? போன வருடம் ஜூலையில் கேன்டீனில் எல்லோர் முன்னாலும், "அகிலாவுக்குப் பேய் பிசாசெல்லாம் தூசு. எட்டுன்னா மட்டும் காய்ச்சல் வந்துடும்," என்றான். வெங்கடசுப்ரமணியன் சார்கூடச் சிரித்தார். எங்கள் மேலாளர், லேசில் சிரிக்காத மனிதர்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று மாலை மாடியில் உட்கார்ந்தபடியே ரவுட்டரிலும் ஸ்விட்சிலும் எட்டை ஒன்பதாக்கினேன். கதிரேசனிடம் சொல்லவில்லை. மெஷினுக்கும் அதே கட்டளையை அனுப்பினேன் என்றுதான் நினைவு. அது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் எடை ஆபீசுக்கு வரவில்லை. "என் வயரிங்ல ஏதாவது கோளாறு போல, பாத்துட்டு வரேன்," என்று கதிரேசன் எடைமேடைக்குப் போனான். கொட்டும் மழை. பன்னிரண்டரை மணியிலிருந்து எனக்கு ஆறு முறை போன் செய்தான். பெயரைப் பார்த்துவிட்டு ஆறு முறையும் போனைக் கவிழ்த்து வைத்தேன். ஒரு மணிக்குள் முற்றத்தில் ரிவர்ஸில் வந்த லாரி அவனை இடித்துவிட்டது.

விசாரணை நடந்தது. கடைசியில் ஒரு வரி எழுதினார்கள்: தான் செய்த வயரிங் பிழையைச் சரிசெய்யப் போனவர், கவனமின்றி லாரி வரும் வழியில் குறுக்கே வந்தார். அந்தத் தாளை அவன் மனைவி பிரபா லேக் கார்டன்ஸ் வீட்டில் பீரோவுக்குள் வைத்திருக்கிறாள். காரியத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயரிங் அவர் தப்பா பண்ணாராக்கா? எங்க மாமனார் அதையே சொல்லிச் சொல்லி அழறாரு. நீங்க கூட வேலை பாத்தவங்க, நீங்க சொல்லுங்க," என்று கேட்டாள்.

"தெரியலை பிரபா," என்றேன்.

தெரிந்துகொள்ளவும் போகவில்லை. டல்ஹவுசி ஆபீசுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன். எடைமேடையை அப்படியே விட்டுவிட்டார்கள். கோபு எடையைச் சீட்டில் எழுதி மாடிக்குக் கொடுத்தனுப்பினார். வந்து பார் என்று மூன்று முறை சொன்னார்கள், மூன்று முறையும் தட்டிக் கழித்தேன். நான்காவது முறை சார் விடவில்லை. "பூஜை முடிஞ்சதும் புதுக் கப்பல் வேலை ஆரம்பம். அந்த நெட்வொர்க்கைக் கட்டினவ நீ. நீயே போ."

ஆக, அவன் வயரா, என் எட்டா? பழுது பார்க்க வந்தவளுக்கு வேறு எதைப் பற்றியும் அக்கறை இல்லை.

கிடங்குப் பரணுக்கு இரும்பு ஏணி. மேலே தகரக் கூரை அனலாகக் கொதித்தது. ஸ்விட்சின் மேல் போன வருடத்துச் சந்தனப் பொட்டு காய்ந்து கிடந்தது. லேப்டாப்பைச் செருகினேன். முதலில் வயரைச் சோதித்தேன். எடைமேடையிலிருந்து வரும் கேபிளில் இதுவரை வந்த பிழைகள் எத்தனை என்று ஸ்விட்ச் எண்ணி வைத்திருக்கும். பூஜ்யம் என்றது. கதிரேசன் போட்ட வயர் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

பிறகு அந்த கேபிளில் வருவதை எல்லாம் எனக்கும் ஒரு நகல் அனுப்பு என்று ஸ்விட்சுக்குச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு மூன்று வரிகள் வந்து விழுந்தன. மூன்றிலும் முன்னால் டேக் எண் இருந்தது. எட்டு.

ஸ்விட்சுக்கு நான் சொல்லிக் கொடுத்திருந்தது ஒன்பது. அது எட்டைப் பார்க்கிறது, கீழே போடுகிறது. என் கட்டளை மெஷினுக்குப் போய்ச் சேரவே இல்லை.

அவன் வயர் இல்லை. என் எட்டு. பதினாலு மாதம் ஓடி ஒளிந்த பதில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. பரணில் உட்கார்ந்து மூட்டைகளை வெறித்துக்கொண்டிருந்தேன். இறங்கிப் போய்விடலாம் என்று எழுந்தபோது அடுத்த மூன்று வரிகள் வந்தன. இந்த முறை எண்ணோடு நிற்காமல் முழு வரியையும் படித்தேன்.

இருபத்தொன்று யாரிடம் இருக்கிறது? இரண்டுக்குச் சொல்லவும்.

ஒரு மெஷின் இன்னொன்றைத் தேடும்போது இப்படித்தான் கேட்கும், இதில் அதிசயம் ஒன்றும் கிடையாது. பதில் வராவிட்டால் மூன்று முறை கேட்டு ஓயும். இவை டேக் எண்கள் இல்லை, ஒவ்வொரு மெஷினுக்கும் நாங்கள் கொடுத்த முகவரி எண்கள். இரண்டு என்பது எடைமேடை மெஷின். இருபத்தொன்று அந்த நெட்வொர்க்கில் ஒரே ஒரு லேப்டாப்புக்குத்தான் கொடுத்திருந்தோம். அது என் மடியில் இருந்தது.

கோபு சொன்னது சரிதான். அது கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தது. என்னை. நிமிடத்துக்கு ஒரு தரம், மழையிலும் வெயிலிலும், நான் டல்ஹவுசியில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மத்தியானங்களிலும், அகிலா எங்கே, அகிலா எங்கே என்று.

எதற்கு என்று எனக்குத் தெரியும். தகரக் கூரைக்கும் கன்டெய்னர்களுக்கும் நடுவில் இங்கே போன் பாதி நேரம் எடுக்காது. அதனால் நானும் கதிரேசனும் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். வேலை பார்த்த இடத்தை விட்டுக் கிளம்பும் முன் அங்கிருக்கும் மெஷினில் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். மூன்று வரி: பழுது, காரணம், செய்தது. மெஷின் அதை மற்றவர் லேப்டாப்புக்கு அனுப்பும். போகாவிட்டால் போகும் வரை ஒவ்வொரு நிமிடமும் முயலும். வாரக் கடைசியில் எல்லாச் சீட்டும் சார் பார்வைக்குப் போகும். காரணம் என்ற வரியை அவர் சிவப்பு மையில் அடிக்கோடிடுவார்.

கதிரேசன் சாகும் முன் எனக்கு ஒரு சீட்டு எழுதியிருக்கிறான்.

அதை வாங்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். என் லேப்டாப்பும் ஸ்விட்சும் எட்டை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஸ்விட்சில் தட்டினேன். லேப்டாப்பில் தட்டும்போது விரல் அந்த எண் மேல் போய் நின்றுவிட்டது. திட்டுவான் என்று பயமாக இருந்தது. திட்டாமல் இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பயமாக இருந்தது. தட்டினேன். எட்டு.

அடுத்த நிமிடம் அது கேட்டது: இருபத்தொன்று யாரிடம் இருக்கிறது? என் லேப்டாப், என்னைக் கேட்காமலே, என்னிடம் இருக்கிறது என்று பதில் சொன்னது.

சீட்டு வந்துவிட்டது. தேதி போன வருடம் ஜூலை. நேரம் பன்னிரண்டு நாற்பத்தாறு.

பழுது: எடை ஆபீசுக்குப் போகலை.

காரணம்:

செய்தது: மெஷினில் 9 என்று மாத்தி வெச்சாச்சு. மேடையில லாரி நிக்குது, அது இறங்கினதும் கோபு ரீஸ்டார்ட் பண்ணினா எல்லாம் ஓடும், இந்தச் சீட்டும் வந்துடும். ஒன்பதே இருக்கட்டும். இனிமே கிண்டல் பண்ணலை, சத்தியமா. போன் எடு தாயே. எடுக்க மாட்டே, தெரியும். நானே மேலே வரேன்.

காரணம் என்ற இடத்தில் ஒன்றுமே எழுதவில்லை. ஒன்பது வருடத்தில் அவன் அந்த வரியைக் காலியாக விட்டதே கிடையாது. வயர் தளர்ந்திருந்தால்கூட எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதுகிறவன். என் பெயரை எழுத வேண்டியிருந்ததால் விட்டிருக்கிறான். சிவப்பு மைக்கு நான் தப்பட்டும் என்று.

அவன் அந்த மழையில் முற்றத்தைக் கடந்தது எந்த வயரையும் பார்க்க இல்லை. என்னிடம் வரத்தான். போனை எடுத்து ஒரு வார்த்தை, "சொல்லித் தொலை," என்று சொல்லியிருந்தால் எடைமேடை அறையிலேயே நின்று பேசியிருப்பான். பரணில் மூட்டை மேல் தலையை வைத்து அழுதேன். வாய்விட்டு, அசிங்கமாக. கீழே லோடு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார்கள்.

போன் அடித்தது. சார்.

"என்ன, கதிர் போட்ட வயர்தானே? பழைய ரிப்போர்ட்லயும் அதுதான் இருக்கு. அப்படியே போட்டு முடிச்சுடு."

எவ்வளவு சுலபமாக இருந்தது! செத்தவன் மறுக்கப் போவதில்லை. சீட்டிலும் காரணம் காலி. அவனே எனக்காக இடம் விட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஒரு கணம், பொய் சொல்லக் கூடாது, ஒரு கணத்துக்கு மேலேயே, நான் அதை யோசித்தேன்.

"எழுதி அனுப்பறேன் சார்," என்று வைத்துவிட்டேன்.

எடைமேடை அறைக்குத் திரும்பினேன். விளக்கு மின்னவில்லை. கோபு அதையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நின்னுடுச்சு, தி. என்ன பண்ணீங்க?"

"பதில் சொன்னேன்."

மெஷினைத் திறந்து பார்த்தேன். எழுதி வைத்த கோப்பில் ஒன்பது. ஓடிக்கொண்டிருப்பதோ இன்னும் எட்டு. கதிரேசன் மாற்றி வைத்தது ஒரு ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தது. மெஷின் நிற்காமல் ஓடிய நாள் எத்தனை என்று கேட்டேன். நானூற்று முப்பத்து நான்கு என்றது.

"கோபுண்ணே, இதை ஒரு தடவகூட ஆஃப் பண்ணலையா? போன வருஷம் பூஜைக்குக்கூட?"

விஸ்வகர்மா பூஜையன்று எல்லா மெஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைப்பது இங்கே கட்டாயம். கோபு தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓடும்போதே பொட்டு வெச்சேன். யாரையும் தொட விடலை. அன்னிக்குக் கதிர்தா ரீஸ்டார்ட் பண்றேன்னாரு. காண்டா மேல லாரி நிக்குது, இப்ப வேணாம், அஞ்சு நிமிஷம்னு நான்தான் சொன்னேன். சரி, நான் மேல போயிட்டு வரேன், நீயே பண்ணிடுன்னு போனாரு. அஞ்சு நிமிஷம், தி. நான் அப்படிச் சொல்லலைன்னா இங்கயே இருந்திருப்பாரு. அப்புறம் இந்த லைட்டு மின்ன ஆரம்பிச்சுது. இதை நிறுத்தினா அவரையும் நிறுத்தின மாதிரி ஆயிடும்னு…" முடிக்காமல் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினாலு மாதமாக இந்த மனிதரும் என்னைப் போலவே தனியாகச் சுமந்திருக்கிறார். நான் ஓடிவிட்டேன், இவர் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

"உங்க மேல தப்பில்ல. போனை எடுக்காதது நான். இப்ப நீங்களே பண்ணுங்க. அவர் உங்களைத்தான் பண்ணச் சொல்லிட்டுப் போனாரு."

கோபு ஊதுபத்தியை அணைத்தார். ரீஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். விளக்கு அணைந்தது. ஃபேன் நின்றதும் அந்த அறை இவ்வளவு அமைதியான இடமா என்று இருந்தது. பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது. பரணில் ஸ்விட்ச் ஒன்பதைப் பார்த்தது, மாடியில் ரவுட்டர் ஒன்பதை வாங்கியது. வரிசையில் நின்ற லாரி ஒன்று மேடை ஏறியது. மாடியிலிருந்து சாய் கிருஷ்ணா என்ற கிளார்க் ஜன்னல் வழியாக, "எடை வந்துடுச்சு!" என்று கத்தினார்.

நான் வாசலுக்கு வந்து பிரபாவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தேன். எடுக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

"சொல்லுங்கக்கா. துணி காயப்போட்டுட்டு இருந்தேன்."

"பிரபா, கதிர் வயரிங்ல தப்பு பண்ணலை. இன்னிக்குப் பாத்துட்டேன். தப்பு நான் பண்ணது. நான் ஒரு எண்ணை மாத்திட்டு அவன்கிட்ட சொல்லலை. அவன் கண்டுபிடிச்சுச் சரியும் பண்ணிட்டான். ஆறு தடவ எனக்கு போன் பண்ணான். கோவத்துல எடுக்கலை. அதனாலதான் என்னைப் பாக்க முற்றத்தைத் தாண்டி வந்தான்."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன். வைக்கவில்லை. மூச்சு கேட்டது. திட்டு, சாபம் கொடு என்று நான் காத்திருந்தேன்.

"இதை எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள் கடைசியில்.

"தரேன்."

"மாமாகிட்ட காட்டணும். அப்புறம்… கொஞ்ச நாளைக்கு எனக்கு போன் பண்ணாதீங்கக்கா."

வைத்துவிட்டாள். சரியான தண்டனைதான்.

வாசல் பந்தலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கதிரேசனின் சீட்டில் பழுது, செய்தது என்ற இரண்டு வரிகளையும் தொடவில்லை. காலியாக இருந்த வரியில் எழுதினேன்: அகிலா, யாரிடமும் சொல்லாமல் 8 என்ற எண்ணை 9 ஆக மாற்றியது. வயரிங்கில் பிழை இல்லை.

முகவரியில் சாரையும் பிரபாவையும் போட்டு அனுப்பினேன். முதல் முயற்சியிலேயே போய்ச் சேர்ந்தது.